தையல் டீச்சர் சண்முகத்தாய்

ஏழாயிரம்பண்ணையிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளியிருக்கும் ஊர் அது. அங்கே பத்தாம் வகுப்பு பாஸ் செய்த முதல் பெண் சண்முகத்தாய். பாஸ் செய்த மறுவாரமே பட்டாசு ஆலை வேனில் ஏறிவிட்டாள். அந்த ஊரில் அதை யாரும் ஒரு குறையாகப் பேசவில்லை. மழை ஏமாற்ற ஏமாற்ற மிளகாய் போட்ட காடுகள் பாதிக்கு மேல் ஆலைக்காரர்கள் கைக்குப் போய்விட்டன. களை எடுக்கப் போனவர்கள் எல்லோரும் காலையில் தூக்குச்சட்டியோடு வேனுக்கு நின்றார்கள். அவளும் நின்றாள். திரி வெட்டினாள், சரம் பின்னினாள், பெட்டியில் லேபிள் ஒட்டினாள். அதே ஆலையில் மருந்து கலக்குகிற சீனிச்சாமிக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு தடவை கரு தரித்து இரண்டும் தங்கவில்லை.

1999-ஆம் வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்குக் கலவை அறை வெடித்தது. சண்முகத்தாய் நாற்பது அடி தள்ளி வேறொரு அறையில் சரம் பின்னிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இடது காது மட்டும் அன்றோடு போய்விட்டது. சீனிச்சாமி மதுரை ஆஸ்பத்திரியில் வாழையிலை விரித்த கட்டிலில் ஒன்பது நாள் கிடந்தான். ஏழாம் நாள் கண்ணைத் திறந்து, சாப்பிட்டியா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றாள். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

அவள் அழவில்லை. ஊர்ப் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபோது நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிர்ச்சி, பத்து நாளில் சரியாகிவிடும் என்றார்கள். பதினாறாம் நாள் போனது, தலைத்திவசமும் போனது. அழுகை வரும் என்று அவளும் கொஞ்ச நாள் எதிர்பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள். சோற்றில் உப்பு இல்லை என்று மாமியார் கருப்பம்மாள் சொன்னால்தான் தெரியும். ஊரில் பொங்கல் சாட்டினார்கள், கொட்டு அடித்தார்கள், முளைப்பாரி எடுத்தார்கள். அவள் வாசலில் நின்று பார்த்தாள், எல்லாம் எங்கேயோ தூரத்தில் நடப்பது போல இருந்தது. ஒரு காதுதான் கேட்கிறது, அதனால் அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கருப்பம்மாளும் புருஷனை இழந்தவள், இப்போது மகனையும். மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். சண்டை இல்லை. பேச்சும் அதிகம் இல்லை.

அடுத்த வருஷம் விருதுநகரில் ஒரு தொண்டு நிறுவனம், ஆலை விபத்தில் புருஷனை இழந்த பெண்களுக்கென்று ஆறு மாதத் தையல் பயிற்சி தொடங்கியது. ஊருக்கு வந்துபோகும் நர்ஸ் அவள் பெயரைக் கொடுத்திருந்தார். சண்முகத்தாய்க்குப் போக வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. காலையில் பஸ் வந்தது, ஏறினாள்.

தையல் அவளுக்கு வந்தது. பதினைந்து வருஷம் ஒரே அளவில் திரி வெட்டிப் பழகிய கை. கோடு போடாமலே கத்தரி நேராகப் போனது. காஜா எடுக்கவும் பட்டி மடிக்கவும் மற்றவர்கள் திணறிக்கொண்டிருந்தபோது அவள் ஜாக்கெட்டில் கை இணைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் ஓடுகிற நேரம் முழுவதும் வேறு எதையும் நினைக்க வேண்டியதில்லை, அது அவளுக்குப் போதுமாக இருந்தது. சொல்லிக்கொடுத்த டீச்சர் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனபோது, நீங்களே இருந்துகொள்ளுங்கள் என்று நிறுவனம் சண்முகத்தாயைக் கேட்டது. 2001-லிருந்து எல்லோருக்கும் அவள் டீச்சர்.

பயிற்சிக்கூடம் விருதுநகரைத் தாண்டி சாத்தூர் ரோட்டில் இருந்தது. ஒரு காலத்தில் பருத்திக் குடோன். உயரமான கூரை, மேலே சின்னச் சின்ன ஜன்னல்கள். இருபத்தைந்து தையல் மிஷின், வெட்டுகிற மேஜை இரண்டு, ஒரு கரும்பலகை. பின்பக்கம் சமையலறையும் பெண்கள் தங்குகிற நீளமான அறையும். தீப்பெட்டி ஆலையை விட்டு வந்த பெண்பிள்ளைகளும் அவளைப் போன்றவர்களும் வந்து படித்துவிட்டுப் போனார்கள். படித்தவர்களில் பாதிப் பேர் திரும்ப ஆலைக்கே போனார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் பார்ப்பாள். அவர்களும் சிரிப்பார்கள், வணக்கம் டீச்சர் என்பார்கள்.

திட்டத்தைக் கவனித்துக்கொண்டவர் செழியன். காரியாபட்டிக்காரர், சமூகப்பணி படித்தவர், முப்பது வயதிருக்கும். கெட்டவர் இல்லை. பணம் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுத வேண்டும். அந்த வாரம் முழுக்க யார் பேசினாலும் அவர் காதில் விழாது.

2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. வானம் பார்த்த விருதுநகரில் அதை எல்லோரும் டிவியில்தான் பார்த்தார்கள். சண்முகத்தாயும் பார்த்தாள். குவியலாகப் போட்டிருந்த உடல்களைப் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிட்டு முடித்தாள். கருப்பம்மாள்தான் எழுந்து போய் டிவியை அணைத்தாள்.

பிப்ரவரியில் செழியன் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். கடலோரப் பெண்களுக்கு மாற்றுத் தொழில் பயிற்சி கொடுக்க நிதி வந்திருக்கிறது என்றார். அங்கே கட்டிடம் எதுவும் மிஞ்சவில்லை, இங்கே மிஷினும் இடமும் இருக்கிறது, பெண்களையே அழைத்து வந்து மூன்று மாதம் தங்கவைத்துச் சொல்லிக்கொடுப்பது என்று ஏற்பாடு. தடிமனாக ஒரு கையேடு அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். முதல் பக்கத்தில் படகும் தென்னை மரமும். எந்த வாரம் என்ன பாடம், எத்தனை மணி நேரம் என்று எல்லாம் கட்டம் போட்டிருந்தது. சண்முகத்தாய் அதை ஒரே நாளில் படித்துவிட்டு, ஜாக்கெட்டுக்கு ஒரு வாரம் போதாது சார் என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் நடுவில் இருபத்திரண்டு பெண்கள் ஒரு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில் ஒரு மீனவ ஊர். எல்லோர் கழுத்திலும் ஜெபமாலை. இறங்கியதும் ரோட்டின் இருபக்கமும் கருவேலமரக் காட்டைப் பார்த்தார்கள். இஞ்ச என்ன இப்பிடி காஞ்சு கெடக்கு என்று ஒருத்தி கேட்டாள். முதல் வாரம் முழுக்க அவர்களுக்குத் தூக்கம் இல்லை. கடல் சத்தம் இல்லாமல் எப்படித் தூங்குவது என்றார்கள். மீன் இல்லாமல் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்தச் சத்தம் இல்லாததுதான் நல்லது என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

அவர்கள் பேச்சு சண்முகத்தாய்க்கு முதலில் பிடிபடவில்லை, ஒரு காதை வைத்துக்கொண்டு இன்னும் கஷ்டம். அதனால் பேச்சைக் குறைத்துக் கையால் செய்து காட்டினாள். ஊசியில் நூல் கோக்காமல் கோடு போட்ட காகிதத்தைக் கொடுத்து, கோட்டின் மேலேயே மிஷினை ஓட்டச் சொன்னாள். கோடு விலகாமல் துளை விழும் வரை அதுதான் பாடம். மிதிக்கிற பழக்கம் வந்த பிறகு துணி. முதலில் தலையணை உறை, பிறகு உள்பாவாடை, பிறகு நைட்டி, கடைசியில் ஜாக்கெட். வலை பின்னிப் பழகிய கைகள், முடிச்சும் நூலும் தெரிந்த கைகள். வேகமாகவே கற்றுக்கொண்டார்கள்.

ஒருத்தியைத் தவிர. அமலோற்பவம் என்று பெயர், இருபத்தாறு வயது. மிஷினில் உட்காருவாள், காகிதத்தை வைப்பாள், மிதிப்பாள். காகிதம் முடிந்து கீழே விழுந்த பிறகும் மிதித்துக்கொண்டே இருப்பாள். வெறும் ஊசி ஏறி இறங்கும். பக்கத்தில் இருப்பவள் தோளைத் தொட்டால் நிறுத்துவாள். கூட வந்தவர்கள் சண்முகத்தாயிடம் தனியாக விஷயத்தைச் சொன்னார்கள். புருஷன் கேரளாப் பக்கம் பெரிய போட்டில் வேலை, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு வயது மகள் ஷைனி போய்விட்டாள். ஒரே பிள்ளை.

சண்முகத்தாய் அவளைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அவள் முகம் தெரிந்த முகமாக இருந்தது, அவ்வளவுதான். காகிதம் விழுந்தால் இன்னொன்றை எடுத்து வைத்துவிட்டு நகர்ந்துபோவாள்.

சமையலுக்கு முறை போட்டிருந்தார்கள். ஜூலையில் ஒரு நாள் காலை இரண்டு பேரும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அன்றுவரை அமலோற்பவம் டீச்சரிடம் வாய் திறந்தது கிடையாது. அன்று முறத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"டீச்சருக்க மாப்பிள்ளை செத்து எத்தற வருசம் ஆச்சு?"

"ஆறு."

"இப்ப எப்பிடி இருக்கு?"

சண்முகத்தாய் யோசித்தாள். ஆறு வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பொய் சொல்லவும் தோன்றவில்லை.

"அப்பிடியேதான் இருக்கு. ஆனா வேலை செய்யலாம்."

அமலோற்பவம் தலையாட்டினாள். பிறகு இருவரும் அரிசியைக் களைந்து உலையில் போட்டார்கள். அதற்குப் பிறகு அவள் காகிதம் விழுந்தால் தானே நிறுத்தத் தொடங்கினாள். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நைட்டி தைத்து முடித்தாள். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, ஆனாலும் முடித்திருந்தாள்.

செப்டம்பர் பிறந்ததும் செழியன் மறுபடி தாள்களோடு வந்தார். பயிற்சி முடிகிறது, இருபத்திரண்டு பேரில் பதினைந்து பேராவது வேலையில் சேர்ந்ததாகக் காட்ட வேண்டும் என்றார். இல்லையென்றால் இரண்டாவது குழுவுக்கு நிதி வராது, கூடத்தையே மூட வேண்டியிருக்கும். மதுரையில் ஒரு துணி கம்பெனி ஆறு பேரைத்தான் எடுத்துக்கொண்டது. திருப்பூர் போக யாரும் சம்மதிக்கவில்லை. ஊருக்குத் திரும்பித் தைக்கலாம் என்றால், அங்கே எல்லோரும் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள், யார் துணி தைக்கக் கொடுப்பார்கள்.

அது தீபாவளி சீசன். எந்த ஆலையிலும் ஆள் போதவில்லை. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஒச்சப்பன் ஒரு நாள் கூடத்துக்கே வந்துவிட்டான். சண்முகத்தாய்க்கு ஒரே ஊர்க்காரன், முறைக்கு மதினி என்று கூப்பிடுவான். தங்குகிற இடத்துக்கே வேன் வரும், பேக்கிங் வேலை மட்டும்தான், தீபாவளிவரை ஆறு வாரம், சம்பளம் வாராவாரம் கையில் என்று சொன்னான். துணி கம்பெனியைவிட இரண்டு பங்கு வரும். ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். அதில் அமலோற்பவமும் ஒருத்தி.

செழியன் சண்முகத்தாயைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும், ஆனால் அவர்களே விரும்பிப் போகிறார்கள், மருந்துப் பக்கமே போக மாட்டார்கள் என்றார். அவளுக்குக் கஷ்டமாக இல்லை. கஷ்டமாக இருக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. அவள் கையெழுத்து நன்றாக இருக்கும், படிவங்களை அவள்தான் நிரப்புவது வழக்கம். பெயர், வயது, ஊர், கணவர் பெயர். வேலை என்று இருந்த கட்டத்தில் ஒன்பது தாளிலும் பேக்கிங் என்று எழுதினாள்.

ஒச்சப்பனிடம் மட்டும் ஒன்று கேட்டாள், ஆலையை ஒருதடவை பார்க்க வேண்டும் என்று. மறுநாள் அவன் வேனிலேயே போனாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு பட்டாசு ஆலைக் கேட்டுக்குள் கால் வைத்தாள். செருப்பை வெளியே விட்டாள். மருந்து வாடை வந்தது. நெஞ்சு அடைக்கும் என்று நினைத்திருந்தாள், அடைக்கவில்லை. ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். நாலு பேர் என்று பலகையில் எழுதியிருந்த அறையில் ஏழு பேர் இருந்தார்கள். இரண்டு வாசலில் ஒன்றை அட்டைப்பெட்டி அடுக்கி மறைத்திருந்தார்கள். பேக்கிங் அறையில் இருந்த ஒரு பெண்ணைப் போர்மேன் கூப்பிட்டுத் திரி வைக்கிற அறைக்கு அனுப்பினார்.

"நாலு பேருக்கு ஏழு பேரு உக்காந்திருக்காக" என்று அவரிடம் சொன்னாள்.

"சீசன் அப்பிடிம்மா" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. மழை வருகிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

மறுநாள் பிற்பகல் வகுப்பில் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைக்கிற பாடம். சண்முகத்தாய் மிஷின்களைச் சுவரோரம் தள்ளச் சொன்னாள். சாக்பீஸை எடுத்துத் தரையில் பத்துக்குப் பத்து ஒரு கட்டம் போட்டாள். இரண்டு இடத்தில் வாசல் குறித்தாள். ஒன்பது பேரையும் உள்ளே சம்மணம் போட்டு உட்காரச் சொன்னாள், ஆளுக்கு ஒரு அட்டைப்பெட்டியை மடியில் கொடுத்தாள். மற்றவர்கள் சுற்றி நின்றார்கள்.

"நான் கையைத் தட்டுவேன். தட்டுனதும் எந்திரிச்சு வெளிய ஓடணும். மரத்தடி வரைக்கும் ஓடணும்" என்றாள்.

முதல் தடவை தட்டியபோது சிரிப்பு வந்துவிட்டது. ஒருத்தி சேலையை மிதித்து விழுந்தாள், இரண்டு பேர் ஒரே வாசலில் முட்டிக்கொண்டார்கள், ஒருத்தி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக எழுந்தாள். சண்முகத்தாய் சிரிக்கவில்லை. திரும்ப உட்காரச் சொன்னாள்.

"பெட்டியை வைக்காதீக, போடுங்க. செருப்பைத் தேடாதீக. சேலைய முன்னாடியே தூக்கிச் சொருகிக்கிடுங்க, நைலான் வேண்டாம், நூல் சேலைதான். போன ஒடனே எந்த வாசல் தெறந்திருக்குன்னு பாருங்க, அது பக்கத்துல உக்காருங்க. இன்னொரு அறைக்கு வான்னு கூப்பிட்டா, மாட்டேன், பேக்கிங்குக்குத்தான் வந்தேன்னு சொல்லுங்க. வாடை மாறுனாலோ புஸ்ஸுன்னு சத்தம் கேட்டாலோ என்னன்னு பாக்க நிக்காதீக. பக்கத்துல இருக்கவளை இழுக்காதீக. திரும்பிப் பாக்காதீக."

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவர்கள் கேட்டதில்லை. சிரிப்பு நின்றது. கை தட்டினாள், ஓடினார்கள். மறுபடி தட்டினாள், மறுபடி ஓடினார்கள். நாலாம் தடவை செழியன் வாசலில் வந்து நின்றார். எட்டுப் பெண்கள் சேலையைச் சொருகிக்கொண்டு மூச்சு வாங்க வேப்பமரத்தடியில் நிற்பதைப் பார்த்தார். கட்டத்தைப் பார்த்தார்.

"இது கையேட்டில இல்லையேம்மா?"

"இல்ல சார்" என்றாள் சண்முகத்தாய். பெண்களை மறுபடி உள்ளே வரச் சொன்னாள். செழியன் தன் அறைக்குப் போய்விட்டார்.

அமலோற்பவம் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கட்டத்துக்குள் தனியே உட்கார்ந்திருந்தாள், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. மற்றவர்களைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு சண்முகத்தாய் அவள் எதிரே, சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தாள்.

"ஏந்தாயி ஓடல?"

"எதுக்கு டீச்சரே ஓடணும்? அண்ணைக்கு ஓடுனேன். தண்ணி வருதுன்னு எல்லாரும் ஓடுனாவ, நானும் ஓடுனேன். எனக்க கையைப் பிடிச்சிட்டுத்தான் வந்தா. கோயில் படி ஏறித் திரும்பிப் பாத்தேன், கையில ஒண்ணும் இல்ல." பெட்டியின் மூடியைத் திறந்து மூடினாள். "ஓடாம இருந்திருக்கலாம்."

அவள் தன் நல்ல காது பக்கம் இருக்கும்படி சண்முகத்தாய் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் குடிக்கப் போனவர்கள் திரும்பி வரும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

சாயங்காலம் சண்முகத்தாய் செழியன் அறைக்குப் போனாள். மேஜை மேல் இருந்த ஒன்பது படிவங்களில் ஒன்றை உருவி எடுத்தாள்.

"இந்தப் பிள்ளைய ஆலைக்கு அனுப்பக் கூடாது சார்."

"ஏன்? உடம்பு சரியில்லையா?"

"ஓடாது."

செழியன் அவளைப் பார்த்தார். அப்படியானால் பதினாலுதான் வரும், ஒன்று குறையும் என்றார். அவள் அதற்கும் யோசித்து வைத்திருந்தாள். இரண்டாவது குழு வரப்போகிறது, எனக்கு அவர்கள் பேச்சு பாதி புரியவில்லை, காதும் இல்லை, அந்தப் பக்கத்து ஆள் ஒருத்தி துணைக்கு இருந்தால் வகுப்பு ஒழுங்காக நடக்கும் என்றாள். செழியன் பேனாவை எடுத்து, பேக்கிங் என்று அவள் எழுதியதை அடித்துவிட்டு உதவிப் பயிற்றுநர் என்று எழுதினார். மற்ற எட்டுத் தாள்களை என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்த எட்டுப் பேருக்கும் பணம் வேண்டியிருந்தது. அவளை மீறியும் அவர்கள் போவார்கள்.

செப்டம்பர் நடுவிலிருந்து தீபாவளி வரை தினமும் காலையில் ஒச்சப்பனின் வேன் வந்து எட்டுப் பேரை ஏற்றிப்போனது. சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டது. ஆறு மணிக்குச் சண்முகத்தாய் கேட்டில் நிற்பாள். ஒவ்வொருத்தியாக இறங்கும்போது எண்ணுவாள். எட்டு வந்ததும் உள்ளே போய்விடுவாள். பயமாக இருந்ததா என்று பின்னாளில் யாரோ கேட்டபோது, பயமெல்லாம் இல்லை, நிற்கணும் போல இருந்தது, நின்றேன் என்றாள்.

அக்டோபரில் ஒரு நாள் ஆறு மணிக்கு வேன் வரவில்லை. ஆறேகால் ஆனது. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அமலோற்பவம் சமையலறையிலிருந்து வந்து பக்கத்தில் நின்றாள். ஆறரைக்கு, சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்த பஸ்ஸை நிறுத்தி, எங்கேயாவது ஏதாவது சத்தம் கேட்டதா என்று சண்முகத்தாய் கண்டக்டரைக் கேட்டாள். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வேன் வந்தது. டயர் பஞ்சர் என்றான் ஒச்சப்பன். எட்டுப் பேரும் இறங்கினார்கள், கையெல்லாம் சாம்பல் நிறப் பொடி, பசி பசி என்று பேசிக்கொண்டே உள்ளே போனார்கள். சண்முகத்தாயும் போக நினைத்தாள். கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் பிரியவில்லை. அமலோற்பவம்தான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டாள். பிறகு போய் எல்லோருக்கும் சோறு போட்டார்கள்.

தீபாவளி வந்தது, ஆலைகள் மூடின, எட்டுப் பேரும் ஊருக்குப் போனார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பதினைந்து பேர் வேலையில் சேர்ந்தார்கள் என்று செழியன் ரிப்போர்ட் எழுதினார். இரண்டாவது குழு வந்தது, மூன்றாவதும் வந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பிற்பகல் சண்முகத்தாய் தரையில் கட்டம் போட்டாள். ஓடாதவர்கள் வேறு யாரும் இல்லை. முதல் குழுவில் படித்த இருபத்திரண்டு பேரில் இன்றைக்கும் தைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியாது. நாலைந்து பேர் இருக்கலாம். மற்றவர்கள் மீன் கூடையைத் திரும்பத் தூக்கியிருப்பார்கள்.

அமலோற்பவம் ஒன்றரை வருஷம் கூடத்தில் இருந்தாள். காகிதத்தில் கோட்டின் மேல் ஓட்டுவதைப் புதிதாக வந்தவர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். 2007-ல் ஊரில் புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். புருஷன் வந்து அழைத்துப் போனான். போகிறபோது கட்டிப்பிடித்து அழுதாள். சண்முகத்தாய் அவள் முதுகில் கை வைத்திருந்தாள். பஸ் வந்ததும் பையை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பிள்ளையால் இப்போது அழ முடிகிறது என்று மட்டும் மனதில் பட்டது.

அடுத்த வருஷம் நிதி நின்றது. கூடத்தை மூடினார்கள். செழியன் சென்னையில் வேறொரு நிறுவனத்துக்குப் போனார். மிஷின்களை லாரியில் ஏற்றி எங்கேயோ அனுப்பினார்கள். சண்முகத்தாய் சாத்தூரில் ஒரு தையல் யூனிட்டில் சேர்ந்தாள். ஏற்றுமதிக்குத் தலையணை உறை தைக்கிற வேலை. ஐம்பது மிஷின் சத்தத்தில் அங்கே எல்லோருமே அரைச் செவிடுதான். அது அவளுக்கு வசதியாக இருந்தது.

2009 பங்குனியில் யூனிட்டுக்கு அவளைக் கேட்டு ஒரு போன் வந்தது. சூப்பர்வைசர் கூப்பிட்டார். ரிசீவரை வலது காதில் வைத்தாள். அமலோற்பவம். ஷைனி பிறந்தபோது கருத்தடை பண்ணியிருந்ததை ஆஸ்பத்திரியில் மறுபடி ஆபரேஷன் பண்ணி மாற்றிவிட்டார்கள் என்றாள். பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது, வரும் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், டீச்சருக்குத்தான் முதலில் சொல்கிறேன் என்றாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. சண்முகத்தாய், நல்லா இருங்க தாயி, உடம்பைப் பாத்துக்கிடுங்க என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். திரும்பி வந்து மிஷினில் உட்கார்ந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கருப்பம்மாளிடம் சொன்னாள். கருப்பம்மாள் வாயில் போட்ட சோற்றை மென்று முடித்துவிட்டுக் கேட்டாள்.

"என்ன பிள்ளை? ஆம்பளையா பொம்பளையா?"

"கேக்கல அத்தை."

"இம்புட்டும் கேட்டுட்டு அதைக் கேக்கலையா?"

கேட்கவில்லை. படுத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். விடிந்ததும் வழக்கமான பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸைப் பிடித்து சாத்தூர் போனாள். பஸ் ஸ்டாண்டு அருகில் இருந்த போன் கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. வெளியே நின்றாள். கடைக்காரர் வந்து ஷட்டரைத் தூக்கியதும், அமலோற்பவம் முந்தின நாள் போனில் சொன்ன நம்பரை எழுதிய காகிதத்தை நீட்டினாள். நாலைந்து முறை மணி அடித்த பிறகு அவள் புருஷன் எடுத்தான். பேசுவது டீச்சர் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"பிள்ளை ஆம்பளையா பொம்பளையான்னு கேக்க மறந்துட்டேன்."

"பொம்பளைப் பிள்ளைதான் டீச்சர். ரெண்டு பேரும் தூங்குதாவ, எழுப்பவா?"

"வேண்டாம். தூங்கட்டும்" என்றாள்.

போனை வைத்துவிட்டுக் கடையை விட்டு இறங்கினாள். யூனிட் திறக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. எதிர்க்கடையில் ஒரு டீ சொன்னாள். குடித்துப் பார்த்தாள். சீனி குறைவாக இருந்தது. இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள்.